வட்டுக்கோட்டையில் ஒரு சின்னக் கல்லூரி

ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில், அமெரிக்காவில் பதினெட்டு வயதுப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் யாரும் ஒழுங்காக நித்திரை கொள்வதில்லை. மே முதலாம் திகதிக்குள் எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்லி முற்பணம் கட்ட வேண்டும். இந்த வருடம் நித்திரை இல்லாத வீடு, நியூ ஜேர்சியில் இருக்கும் என் அக்கா வீடு.

அக்கா மகளுக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று பெரிய மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே கணினி அறிவியல். மற்றது மசாசூசெட்ஸ் மலைப்பக்கம் உள்ள ஒரு சின்னக் கல்லூரி. மொத்தமே இரண்டாயிரம் மாணவர்கள். ஒரு வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால் அது கூட்டம். அவளுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. "அங்கை என்ன படிக்கப் போறாய்?" என்று அத்தான் கேட்டார். "இன்னும் தெரியாது. இரண்டாவது வருசக் கடைசியிலைதான் முடிவெடுக்க வேணும்" என்றாள். வீடு பற்றியெரிய அது போதுமாக இருந்தது.

"தெரியாததைப் படிக்கிறதுக்கோ இவ்வளவு காசு?" என்றார் அத்தான். அக்கா என்னிடம் தொலைபேசியைக் கொடுத்து, "தம்பி, நீ எஞ்சினியர். நீயாவது எடுத்துச் சொல்லு" என்றா.

உண்மையைச் சொன்னால், நானும் அத்தான் பக்கம் பேசத்தான் வாயைத் திறந்தேன். பொறியியலில் முதுநிலைப் பட்டம் எடுத்தவன், பத்து வருடத்துக்கு மேலாக ஐ.டி. ஆலோசகன். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் பணக்காரப் பிள்ளைகள் மரத்தடியில் கவிதை வாசிக்கும் இடம் என்றுதான் எனக்கும் நினைப்பு. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பலமுறை பார்த்த ஒரு படம் புதிதாகக் கண்ணில் பட்டது. வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம். பெரிய பழைய மண்டபம், பக்கத்தில் மரங்கள், முன்னால் வெள்ளைக் காற்சட்டையோடு ஒரு பொடியன். பொடியன் அத்தானின் அப்பா. மண்டபம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் ஒட்லி மண்டபம். அந்த மண்டபத்துக்கும், அத்தான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த கல்லூரிக்கும் ஒரே பரம்பரை. அத்தானுக்கு அது தெரியாது. அன்றைக்கு எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அதன்பிறகு நான் தேடி வாசித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் பலருக்கும் இதே ஏப்ரல் வரப்போகிறது.

'லிபரல்' என்ற சொல்லைக் கேட்டதும் அரசியல் ஞாபகம் வரும். இங்கே அதற்கும் அரசியலுக்கும் தொடர்பு இல்லை. லத்தீனில் 'சுதந்திரமானவனுக்குரிய' என்று பொருள். அடிமைக்குத் தொழில் பழக்குவார்கள். சபையில் எழுந்து பேசி, வழக்காடி, ஊருக்காக முடிவெடுக்க வேண்டியவனுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வியில் பிறந்த பாடங்கள் இவை. இடைக்கால ஐரோப்பா அவற்றை ஏழாக வகுத்தது: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். இசை என்றால் பாட்டு வகுப்பு என்று நினைக்க வேண்டாம். தந்தியின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதக் கணக்கு அது. ஆக, ஏழில் நாலு கணிதம். இதை அத்தானிடம் சொன்னபோது அவர் முதல் தடவையாகத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் இந்த மாதிரிக் கல்லூரிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. டார்ட்மத் 1769, வில்லியம்ஸ் 1793, மிடில்பரி 1800, அம்ஹர்ஸ்ட் 1821. பெரும்பாலும் மலையடிவாரக் கிராமங்கள். ஒரு தலைவர், சில பேராசிரியர்கள், அப்போதுதான் படித்து முடித்த சில இளம் ஆசிரியர்கள், அவ்வளவுதான் கல்லூரி. விடிய முன்னர் மணி அடிக்கும். இருட்டோடு எழும்பிப் பிரார்த்தனைக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம்: லத்தீன், கிரேக்கம், கணிதம், பிறகு இயற்கைத் தத்துவம் என்று அப்போது அழைக்கப்பட்ட இயற்பியல். வகுப்பில் ஆசிரியர் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் எழுந்து, முதல் நாள் படித்ததை ஒப்பிக்க வேண்டும். இந்த ஒப்பிப்பு முறை எவ்வளவு அலுப்பூட்டியது என்று அந்தக் கால மாணவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். கல்லூரியின் உயிர் வகுப்புக்கு வெளியேதான் இருந்தது. மாணவர்கள் தாங்களே விவாத சங்கங்கள் அமைத்தார்கள், தங்கள் காசில் புத்தகம் வாங்கி நூலகம் வைத்தார்கள், இரவிரவாக வாதாடினார்கள். கடைசி வருடத்தில் கல்லூரித் தலைவரே வந்து முழு வகுப்புக்கும் அறத் தத்துவம் நடத்துவார். படித்ததை எல்லாம் வைத்து எப்படி வாழப்போகிறாய் என்பதுதான் அந்தப் பாடத்தின் கேள்வி.

இதற்கு என்ன பயன் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. செத்துப்போன மொழிகளை ஏன் படிப்பிக்கிறீர்கள், வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் உதவுவதைப் படிப்பியுங்கள் என்று பலரும் கேட்டார்கள். 1828இல் யேல் கல்லூரி ஆசிரியர்கள் அதற்கு நீண்ட பதில் அறிக்கை ஒன்று எழுதினார்கள். மனத்தில் சரக்கை நிரப்புவது ஒன்று, மனத்தைப் பழக்குவது இன்னொன்று; இரண்டிலும் பழக்குவதே பெரியது என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. லத்தீனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன நியாயம் போலவும் அது தெரிகிறது. ஆனாலும் கேள்வி கேட்டு இருநூறு வருடமாகிறது. நியூ ஜேர்சியில் என் அத்தானின் வரவேற்பறையில் அது இன்னும் முடியவில்லை.

இந்தக் கல்லூரிகளில் ஒன்றிலிருந்து வட்டுக்கோட்டைக்கு எப்படிப் போவது? ஒரு வைக்கோல் போர் வழியாக.

1806 ஓகஸ்ட் மாதம் ஒரு நாள், வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர் வயல்வெளியில் பிரார்த்தனைக்குக் கூடினார்கள். இடிமழை வந்தது. வைக்கோல் போர் ஒன்றின் மறைவில் ஒதுங்கினார்கள். ஆசியாவுக்குப் போய்க் கிறிஸ்தவ சமயத்தைப் பரப்புவது என்று அங்கே பேசிக்கொண்டார்கள். அவர்கள் வயது கிட்டத்தட்ட உங்கள் வயதுதான். அந்தப் பேச்சு வளர்ந்து 1810இல் அமெரிக்கன் மிஷன் சபை உருவானது. அந்த ஐவரில் ஒருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். 1816இல் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கூட வந்தவர்களில் டானியேல் பூவர் டார்ட்மத்தில் படித்தவர், எட்வர்ட் வாரன் மிடில்பரியில் படித்தவர், பெஞ்சமின் மெய்க்ஸ் யேலில் படித்தவர். பிரித்தானிய அரசு அவர்களுக்குக் கொடுத்தவை, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் டச்சுக்காரர் விட்டுப்போன பழைய தேவாலயக் கட்டடங்கள். வாரன் இரண்டே வருடத்தில் இறந்துபோனார். ரிச்சர்ட்ஸ் 1822இல் தெல்லிப்பழையில் இறந்தார். மழைக்கு வைக்கோல் போரில் ஒதுங்கிய அந்தப் பொடியனின் உடல் நம் ஊர் மண்ணில் கிடக்கிறது.

பூவர் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய அதே 1816இல், அவர் படித்த டார்ட்மத்தை மாநில அரசு தன் கைக்குள் எடுக்கப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கல்லூரிக்காக வாதாடிய பழைய மாணவர் டானியேல் வெப்ஸ்டர், இது சின்னக் கல்லூரிதான், என்றாலும் இதை நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்ற பொருளில் பேசிக் கண்ணீர் விட்டார் என்று கதை உண்டு. 1819இல் கல்லூரி வென்றது. ஆனால் அதே டார்ட்மத்துக்கு வேறொரு கதையும் உண்டு. பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கப் போகிறோம் என்று சொல்லி, மொஹீகன் இனத்தைச் சேர்ந்த சாம்சன் ஒக்கம் என்ற போதகரைப் பிரித்தானியாவுக்கு அனுப்பிக் காசு சேர்த்தார்கள். கல்லூரி வந்ததும் அதில் பெரும்பாலும் குடியேறிய வெள்ளையர் பிள்ளைகளே படித்தார்கள். ஒக்கம் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. நல்ல கல்லூரிகளின் அத்திவாரத்தைத் தோண்டினால் இப்படியும் கிடைக்கும்.

1823 ஜூலையில் பூவர் வட்டுக்கோட்டையில் தொடங்கியது, அவர் மனத்தில் ஒரு முழுக் கல்லூரி. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் கல்லூரி அமைக்கும் திட்டம் என்றுதான் அதற்கான அறிக்கையையே அச்சிட்டார்கள். அமெரிக்கர்கள் தம் ஆட்சிப் பகுதியில் கல்லூரி என்று ஒன்றை நடத்தக் கொழும்பில் இருந்த பிரித்தானிய ஆளுநர் இசையவில்லை. அதனால் 'செமினரி' என்று பெயர் வைத்தார்கள். பெயர்ப்பலகை சிறுத்தது, பாடத்திட்டம் சிறுக்கவில்லை.

அந்தத் திட்ட அறிக்கையின் விபரங்களை வாசித்தபோது நான் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் ஆங்கிலம். எல்லோருக்கும் தமிழ், அதுவும் வாசிக்க எழுத மட்டும் போதாது, இலக்கண இலக்கியம் ஊன்றிப் படிக்க வேண்டும். தெரிந்தெடுத்த சிலருக்குச் சமஸ்கிருதம், இன்னும் சிலருக்கு எபிரேயம், கிரேக்கம், லத்தீன். அதோடு புவியியல், வரலாறு, கணிதம், இயற்கைத் தத்துவம், தர்க்கம், வானியல். டார்ட்மத்தில் பூவர் படித்த அதே அச்சுத்தான். ஒரே ஒரு பெரிய வித்தியாசம்: அங்கே லத்தீன் இருந்த நாற்காலியில் இங்கே தமிழ் உட்கார்ந்தது. நன்னூலும் குறளும் படித்த கையோடு யூக்ளிட்டின் தேற்றம். காலையில் திரிகோண கணிதம், பிறகு தர்க்கம். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்ற இன்னும் முப்பத்துநாலு வருடம் இருக்கிறது.

1840களின் பிற்பகுதியில் இலங்கை அரசின் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் இந்த இடத்தைப் பார்த்துவிட்டு, பாடத்திலும் படிப்பிக்கும் முறையிலும் பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குச் சமமாக வைக்கலாம் என்று தன் நூலில் எழுதினார். ஒட்லி மண்டபத்தின் பெயர் சேர் ரிச்சர்ட் ஒட்லியிடமிருந்து வந்தது. அவர் இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்தவர். பிரித்தானிய ஆளுநர் மறுத்த கல்லூரிக்குப் பிரித்தானிய நீதிபதியின் பெயரில் மண்டபம்.

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம். வட்டுக்கோட்டைப் பக்கம் பெயர்பெற்ற பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார். அந்த வருடம் மார்ச் மாதக் கிரகணம் எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் இருக்கும், சந்திரனில் எவ்வளவு மறையும் என்று அவருடைய பஞ்சாங்கம் சொன்னது. பூவரும் கணித்தார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஊருக்குச் செய்தி பரவியது. சரி, வானமே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அந்த இரவு எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பூவரின் கணக்குச் சரியாக வந்தது.

இதை 'மேற்கு வென்றது' என்று மிஷன்காரர் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார்கள். ஒரு பொறியியலாளனாக எனக்கு வேறொன்று தெரிகிறது. பரம்பரை வாய்பாடுகளை வைத்துக் கிரகணம் வரும் நாளைச் சரியாகச் சொல்லிவிட்டார் சாஸ்திரியார். பிழை நேரக் கணக்கில். பழைய மாறிலிகளைப் பல நூறு வருடமாக யாரும் திருத்தவில்லை என்றால் எந்த நிரலும் மெல்ல மெல்ல விலகும். நான் வேலையில் தினமும் பார்ப்பது இதைத்தான். அங்கே படிப்பித்தவர்களுக்கும் இது விளங்கியிருக்க வேண்டும். பின்னாளில் செமினரித் தலைவராக இருந்த ஹென்றி ஹொய்சிங்டன், இந்து வானியல் கணிப்பு முறையை முழுதாக விளக்கி 1848இல் யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் வெளியிட்டார். தோற்கடித்துவிட்டோம் என்று தூக்கி எறியாமல், அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க உட்கார்ந்தார்கள். உள்நோக்கம் அதன் பிழைகளைக் காட்டுவதாக இருந்தாலும், செய்த வேலை வேலைதான்.

உள்நோக்கம் என்று சொன்னேன். அதை மறைத்து எழுதினால் இது வரலாறாக இருக்காது. இந்தக் கல்லூரி மதம் மாற்றுவதற்காக அமைக்கப்பட்டது. மாணவருக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். பல பெயர்கள் அமெரிக்காவில் காசு கொடுத்த நன்கொடையாளர்களுடையவை. சிறுப்பிட்டித் தாமோதரம், சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பெரி ஆனார். சுழிபுரம் விசுவநாதன், கரோல் ஆனார். வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆதிக்க சாதிப் பிள்ளைகள். சாப்பாட்டுப் பந்தியில் சாதி வழக்கத்துக்கு மிஷன் விட்டுக்கொடுத்த காலமும் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு 1824இல் உடுவிலில் தனி விடுதிப் பாடசாலை திறந்தார்கள். அமெரிக்காவில் பெண்களுக்குப் புகழ்பெற்ற மவுண்ட் ஹோலியோக் 1837இல்தான் வந்தது என்பது பெருமையாக இருந்தாலும், வட்டுக்கோட்டையில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த அளவு உடுவிலில் கிடைக்கவில்லை.

இப்படி ஒரு நோக்கத்தோடு நடந்த கல்லூரியிலிருந்து வெளியே வந்தவர்கள் என்ன செய்தார்கள்?

1841இல் 'உதயதாரகை' என்ற தமிழ்-ஆங்கிலப் பத்திரிகை தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் பழைய மாணவர்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இருவரும் நம்மவர்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டிப் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதினார். கரோல் விசுவநாதபிள்ளை தமிழில் 'வீசகணிதம்' எழுதினார். எக்ஸ், வை போட்டுச் செய்யும் அல்ஜிப்ராவைத் தமிழில், 1855இல்! நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தர்க்க நூல் ஒன்றைத் தமிழில் எழுதினார். அவர் பிற்காலத்தில் யாழ்ப்பாண நகரில் தொடங்கிய பாடசாலைதான், சைவ பரிபாலன சபையின் கைக்குப் போய் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆனது. மிஷன் படிப்பித்த மாணவன் போட்ட விதையில் இந்துக் கல்லூரி. இதை எந்தத் திட்ட அறிக்கையும் எதிர்பார்த்திருக்காது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை. இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்.

சி.வை. தாமோதரம்பிள்ளையோடு கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் வக்கீலுக்குப் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். நம் வீடுகளில் சொல்வது போலச் சொன்னால், 'செட்டில்' ஆகிவிட்டார். ஆனால் அவர் இன்று நினைக்கப்படுவது தீர்ப்புகளுக்காக இல்லை. ஊர் ஊராக ஏட்டுச்சுவடி தேடி, செல்லரித்ததையும் சிதைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்தப் பாடம் சரி என்று தீர்மானித்து அச்சில் ஏற்றினார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு. 1881இல் வீரசோழியம். 1885இல் பொருளதிகாரம். 1887இல் கலித்தொகை. சங்கத் தொகை நூல் எட்டில் முதலில் அச்சில் வந்தது அதுதான், உ.வே.சாமிநாதையரின் பத்துப்பாட்டு வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

கலித்தொகை வட்டுக்கோட்டைப் பாடத்திட்டத்தில் இருந்திருக்க முடியாது. அது அப்போது யாருடைய வீட்டுப் பரணிலோ ஓலையாகக் கிடந்தது. அவருக்கு அங்கே கிடைத்தது வேறு. தமிழ் இலக்கணத்தை அவர் சிறு வயதிலேயே வீட்டிலும் ஊர்ப் புலவரிடமும் படித்திருந்தார். செமினரியில் அதன் பக்கத்தில் கணிதமும் தர்க்கமும் ஆங்கிலமும் வந்து உட்கார்ந்தன. இரண்டு சுவடி முரண்பட்டால் எதை நம்புவது என்று கேட்கிற புத்தி, வானத்தைப் பார்த்துக் கணக்கைச் சரிபார்க்கிற புத்தியோடு உறவுள்ளது என்றுதான் நான் நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அவர் பதிப்பித்த நூல்களின் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிரகண இரவு ஞாபகம் வருகிறது.

நான் படித்த பொறியியல் கல்லூரியில் முதல் வருட விரிவுரைக்கு முந்நூறு பேர். நான் கேட்ட ஒரே கேள்வி, "இது பரீட்சைக்கு வருமா?" வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வாடிக்கையாளர் ஒருவருடைய திட்டம் ஏன் தோற்றது என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று நாள் எடுத்தேன். எண்கள் எல்லாம் கையில் இருந்தன. ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்த வாக்கியத்துக்கு எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் வரலாறு படித்த சக ஊழியை ஒருத்தி ஒரு மணித்தியாலத்தில் அதை எழுதிக் கொடுத்தாள். இதை அக்காவுக்கு இதுவரை சொன்னதில்லை.

சரி, வட்டுக்கோட்டைச் செமினரிக்கு என்ன நடந்தது? 1855இல் மூடிவிட்டார்கள்.

மூடியது பகைவர்கள் இல்லை. பொஸ்டனிலிருந்து மிஷன் சபையே இரண்டு பேரை அனுப்பிக் கணக்குப் பார்த்தது. அவர்களில் ஒருவர் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன். அவரும் போடன் என்ற சின்னக் கல்லூரியின் பழைய மாணவர். அவருடைய கேள்வி எளிது: இவ்வளவு செலவில் எத்தனை போதகர்கள் கிடைத்தார்கள்? பிள்ளைகள் நல்ல ஆங்கிலம் படித்தார்கள். படித்ததும் இலங்கையிலும் இந்தியாவிலும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். கிராமத்துக்குத் திரும்பிப் பிரசங்கம் செய்ய வந்தவர்கள் போதவில்லை. பலர் கிறிஸ்தவர்களாகக்கூட மாறவில்லை. ஆகவே இந்த உயர்கல்வி வீண், கிராமத்துப் போதகருக்குத் தமிழ் போதும் என்று முடிவானது.

அண்டர்சனைத் திட்டுவது சுலபம். அவர் சொன்னதில் பாதி எனக்குச் சரியாகவே படுகிறது. மக்களிடம் அவர்களுடைய மொழியில்தான் பேச வேண்டும், திருச்சபையை அவர்களே நடத்த வேண்டும் என்று அவர் நம்பினார். தமிழ் போதும் என்பதிலும் பிழையில்லை. அதே காலத்தில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவர்களை உருவாக்கினார். ஆனால் கிரீன் தமிழைத் தூக்கி உயர்கல்வியில் வைத்தார். அண்டர்சன் உயர்கல்வியை எடுத்துவிட்டுத் தமிழைக் கிராமத்துக்குள் வைத்தார். இரண்டும் ஒன்றில்லை.

இன்னொரு பக்கத்தில் நம்முடைய பெற்றோரும் இருந்தார்கள். அவர்களுக்கும் கிரேக்கமோ தர்க்கமோ தேவைப்படவில்லை. ஆங்கிலம் தேவைப்பட்டது, கச்சேரியில் உத்தியோகம் தேவைப்பட்டது. பொஸ்டன் 'எத்தனை போதகர்?' என்று கேட்டது. ஊர் 'எவ்வளவு சம்பளம்?' என்று கேட்டது. சுவடி தேடப் போகிற ஒருவருக்கான கட்டம் இரண்டு படிவத்திலும் இல்லை.

மூடிய அதே 1855இன் தொடக்கத்தில், டானியேல் பூவர் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்தார். ஊர்க்காரர் சும்மா இருக்கவில்லை. பழைய மாணவர்கள் வட்டுக்கோட்டையிலேயே தனியாக ஓர் உயர்தரப் பாடசாலை நடத்திப் பார்த்தார்கள். கல்லூரி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. ஒருகாலத்தில் ஆளுநர் தர மறுத்த 'கல்லூரி' என்ற சொல் ஒருவழியாக வந்து சேர்ந்தது. அத்தானின் அப்பா நின்று படம் எடுத்தது அங்கேதான்.

இதையெல்லாம் வாசித்து முடித்த அடுத்த ஞாயிறு, அக்கா மகளையும் அத்தானையும் காரில் ஏற்றிக்கொண்டு வில்லியம்ஸ்டவுன் போனேன். அவளுக்கு இடம் கிடைத்த கல்லூரி வேறு. போகிற வழியில் சற்று வளைந்து போனோம், அவ்வளவுதான். அத்தான் முன் இருக்கையில் இருந்து வழி முழுக்கக் கல்விக் கடன் வட்டி பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்.

கல்லூரி வளவுக்குள் ஒரு சிறு பூங்கா. நடுவில் சலவைக்கல் தூண், அதன் உச்சியில் ஒரு பூமி உருண்டை. 1806இல் வைக்கோல் போர் இருந்ததாகச் சொல்லும் இடம். தூணில் ஐந்து பெயர்கள். ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் என்ற பெயரை மருமகள் விரலால் தொட்டுப் படித்தாள்.

"இவரோ தெல்லிப்பழையிலை செத்தவர்?"

"ஓம்."

அத்தான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்பா கிரேக்க எழுத்தெல்லாம் எழுதிக் காட்டுவார். ஏன் படிச்சனீங்கள் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தூணையும் மகளையும் சேர்த்துப் படம் எடுத்தார். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொன்றும் எடுத்தார்.

திரும்பி வரும்போது மருமகள் பின் இருக்கையிலிருந்து, "மாமா, உங்களிட்டை கலித்தொகை இருக்கோ?" என்று கேட்டாள். என்னிடம் இல்லை. வாங்கித் தருகிறேன் என்றேன். வாசிக்க உதவி வேண்டும் என்றாள். எனக்கும் உதவி வேண்டும் என்றேன்.

ஏப்ரல் முப்பதாம் திகதி இரவு பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அக்காவிடமிருந்து செய்தி வந்தது. அத்தான் சின்னக் கல்லூரிக்கு முற்பணம் கட்டிவிட்டார். ஒரு நிபந்தனை: முதல் வருடத்தில் ஒரு கணித வகுப்பும் ஒரு கணினி வகுப்பும் கட்டாயம் எடுக்க வேண்டும். மருமகள் அதற்குச் சம்மதித்து, கூடவே வானியலும் எடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.